வாஷிங் மெஷினுக்குப் பதிலாக வந்த கம்ப்யூட்டர்

அன்புள்ள என் மகளுக்கு அம்மா ஆசையோடு எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, தம்பி மூவரும் சுகம். அப்பாவின் கழுத்து வலி மட்டும் அவ்வப்போது வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. நீ சுகமா என்று கேட்டு எழுதுவதுதான் முறை, ஆனால் அதைத்தான் வாரம் தவறாமல் போனில் கேட்கிறேனே, நீயும் "ம்" என்கிறாய். சாப்பிட்டாயா என்றால் ம். ஆபீஸில் வேலை அதிகமா என்றால் ம். அங்கே குளிர் எப்படி என்று கேட்டதற்கும் ம் என்றாய், அதற்கு என்ன அர்த்தம் என்று நானும் அப்பாவும் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பேசிப் பார்த்தோம், பிடிபடவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கடிதத்துக்கு நடுவே யாரும் ம் போட முடியாது பார். பெரிய செய்தி ஒன்று இருக்கிறது, அது கடைசியில்தான் வரும், நேராகக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாமல் வரிசையாகப் படி.

கொஞ்ச நாள் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிட்டபோது "அம்மா இப்ப பேச முடியாதும்மா, கேம் ஆடிட்டு இருக்கோம், நாலு பேர் டீம்ல ஒருத்தி வேலை மாறிப் போயிட்டா, ஆள் குறையுது, செத்துக்கிட்டே இருக்கோம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். செத்துக்கிட்டே இருக்கோம் என்றதில் எனக்குப் பகீரென்றது, அப்புறம் தம்பி விளக்கினான். ஆனால் நீ ஒரே மூச்சில் அத்தனை வார்த்தை பேசி எத்தனை நாளாயிற்று தெரியுமா. போனை வைத்த பிறகும் எனக்கு அதே நினைப்பு. ஆள் குறையுது என்றாளே, ஆள் குறையுது என்றாளே என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. எங்கள் டிரைவிங் ஸ்கூலில் எந்த மாஸ்டர் லீவு போட்டாலும் அந்த வகுப்பையும் சேர்த்து எடுப்பது நான்தானே, ஆள் குறைகிறது என்று காதில் விழுந்தால் என்னால் சும்மா உட்கார முடியாது. அன்றைக்குச் சாப்பிடும்போது அந்த இடத்துக்கு நானே போகிறேன் என்று சொன்னேன். தம்பிக்குப் புரையேறியது. அப்பா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி, "சம்பளம் உண்டா?" என்று கேட்டார்.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று இரண்டு பேரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். சொன்னால் "உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்" என்பாய், எனக்கும் வெட்கம் வந்து விட்டுவிடுவேன். எனக்கு வேண்டியதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை நீ இருக்கிற இடத்தில் ஒரு ஓரமாக நானும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பணத்துக்கு வழி இருந்தது. நம் வாஷிங் மெஷின் உனக்குத் தெரியும், துணியைப் பிழியும்போது குதித்துக் குதித்து நகர்ந்து பாத்ரூம் கதவை அடைத்துக்கொண்டு நிற்கும். புதுசு வாங்க ஒரு தொகை ஒதுக்கியிருந்தோம், அதை எடுத்துக்கொள்ளலாம் என்றேன். முந்தின வாரம்தான் அந்த மெஷின் அப்பாவை உள்ளே வைத்து அடைத்திருந்தது, பாவம், தம்பி வந்து தள்ளித்தான் வெளியே வந்தார். ஆனாலும் மறுபேச்சுப் பேசவில்லை. உனக்கு என்றால் அவர் இன்னும் ஒரு வருடம் பாத்ரூமிலேயே இருப்பார். ஆகக்கூடி கணக்கு இதுதான், ஒரு வாஷிங் மெஷின், அதற்கு மேல் ஒரு காசு கிடையாது.

கடையில் முழுசாக விற்கிற கம்ப்யூட்டர் கட்டுப்படியாகாது, பாகம் பாகமாக வாங்கி நாமே பூட்டினால்தான் கொடுத்த காசுக்குச் சரக்கு இருக்கும் என்று தம்பி சொன்னான். சரி என்று உட்கார்ந்தால், அவன் எழுதி வந்ததில், விளையாட்டின் படத்தைத் திரையில் ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்டு மட்டுமே முக்கால் வாஷிங் மெஷினை விழுங்கிவிட்டது, பிராசசர் இன்னொரு அரை மெஷின், மீதிக்கு நான் எங்கே போவேன். மெமரியிலும் காத்தாடியிலும் கலர் கலராக விளக்கு வேறு. விளக்கு எரிந்தால் வேகமாக ஓடுமா என்று கேட்டேன். "ஓடாதும்மா, ஆனா கெத்தா இருக்கும்" என்றான். கெத்தை முதலில் அடித்துவிட்டேன். எனக்கு எதையும் வண்டிக் கணக்கில் சொன்னால்தான் ஏறும். லாரி எஞ்சினைக் கொண்டுபோய் ஸ்கூட்டரில் பூட்டி என்ன பிரயோஜனம், பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் ஒன்றுக்கொன்று ஈடாக நடுத்தரமாக இருந்தால் போதும் என்று முடிவு செய்தோம். அந்த மிதப்பில், பவர் சப்ளை என்பது பெட்ரோல் டேங்க் மாதிரிதானே, சின்னதாக இருந்தால் என்ன, அடிக்கடி நிரப்பிக்கொள்ளலாமே என்று அதிலும் மிச்சம் பிடிக்கப் பார்த்தேன். தம்பி தலையில் அடித்துக்கொண்டான். அதில் மலிவு பார்த்தால் ஒருநாள் மொத்தத்தையும் எரித்துவிட்டுத் தானும் எரியுமாம். சரி, உன் அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிடவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். திரைக்கு மட்டும் செலவே இல்லை, டிரைவிங் ஸ்கூலில் பிள்ளைகளுக்குச் சாலைக் குறிகளைப் போட்டுக் காட்டுகிற பழைய டிவியை முதலாளி என் தலையில் கட்டினார். ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு விழும், மற்றபடி குறை இல்லை.

இதில் நான் தலையிட மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே அப்பா டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். கம்ப்யூட்டரை வைக்க இருக்கிற ஒரே இடம் முன்னறையில் அவருடைய கட்டிங் மேஜைக்கு அடியில்தான், ஒரு பக்கம் தையல் மெஷின், மறுபக்கம் இஸ்திரிப் பெட்டி. அந்த இடைவெளியை உயரம், அகலம், ஆழம் என்று அளந்தார், சந்தேகம் வந்து மறுபடியும் அளந்தார், சாக்பீஸால் தரையில் கோடு போட்டார். மறுநாள் நானும் தம்பியும் மற்ற பாகங்களைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே அந்தக் கோட்டுக்குள் கச்சிதமாக உட்காரும் கேபினெட் ஒன்றை, எல்லாப் பாகத்தையும் உள்ளே வைத்துப் பூட்டுகிற வெறும் பெட்டியை, வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அதாவது முதலில் சட்டையைத் தைத்துவிட்டார், ஆளை நாங்கள் பிறகு தேட வேண்டும்.

கிராபிக்ஸ் கார்டு புதுசு கட்டாது என்று ஆனதும் பழைய சாமான் விற்கிற ஒருவரிடம் போனோம். எதற்கும் கேரண்டி தர மாட்டார், அதனாலேயே அவருக்கு கேரண்டி என்று பெயர், கூப்பிட்டால் திரும்பியும் பார்க்கிறார். அட்டைப் பெட்டியிலிருந்து ஒரு கார்டை எடுத்துக் கொடுத்து, கண்ணை மூடிக்கிட்டு வாங்கிட்டுப் போங்க அக்கா என்றார். ஓட்டிப் பார்க்காமல் நான் வண்டி வாங்குவதில்லை என்றேன். இது கார் இல்லக்கா என்றார். காத்தாடி இருக்கிறதல்லவா, சுற்றுகிறதல்லவா, அப்படியென்றால் ஓட்டிக் காட்டுங்கள் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். முதல் கார்டில் பேரிங் போன சத்தம், வேண்டாம் என்றேன். இரண்டாவது கார்டு கொஞ்ச நேரத்திலேயே கொதித்துத் திரையில் பூச்சி பறந்தது. மூன்றாவது, பழைய மாடல், சாயங்காலம் வரைக்கும் ஓடியது, மூச்சு ஒரே சீராக இருந்தது, விலையும் நம் கைக்கு அடங்கியது. இவ்வளவு மலிவா என்று தம்பிகூட சந்தேகப்பட்டான். "பெருசா இருக்குதுன்னு யாரும் எடுக்க மாட்டேங்கறாங்கக்கா" என்று கேரண்டி உண்மையைத்தான் சொன்னார், எங்கள் காதில்தான் ஏறவில்லை. கேபினெட்டை அளந்த அப்பா கடைக்கு வரவில்லை, கார்டின் சத்தத்தைக் கேட்ட நான் நீளத்தைப் பார்க்கவில்லை, கம்ப்யூட்டர் பூட்டுவது பற்றி உலகத்திலுள்ள எல்லா வீடியோவையும் பார்த்த தம்பியிடம் டேப் இல்லை.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பூட்டிக் கடைசியில் கார்டை வைத்தால் இரண்டு விரற்கடை வெளியே நிற்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. போட்ட காசு போனது மட்டுமா, அடுத்த ஞாயிறு வந்துவிடுகிறேன் என்று மனதுக்குள் உனக்கு வாக்குக் கொடுத்திருந்தேன், உனக்குத்தான் தெரியாது. தம்பி ஒரு மூலையில் போய் உட்கார்ந்துவிட்டான். அப்பா மட்டும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேபினெட்டுக்குள் தலையை விட்டு, தையலுக்கு உள்ளே துணி விட்டிருக்கிறானா பார்ப்போம் என்றார். இரும்புப் பெட்டியில் எந்தத் தையல்காரர் துணி விடுவார் என்று நான் எரிந்து விழுந்தேன். அவர் காதில் வாங்கவில்லை. உள்ளே பழைய ஹார்ட் டிஸ்க் மாட்டுகிற தகரக் கூடு ஒன்று இருந்தது, நாம் வாங்கின சின்ன டிஸ்க் மதர்போர்டிலேயே உட்கார்ந்துவிட்டது, ஆகவே கூட்டுக்கு வேலையே இல்லை. இதுதான் விட்ட துணி, பிரித்துவிடலாம் என்றார். கார்டையும் போர்டையும் வெளியே எடுக்கச் சொல்லிவிட்டு, கூட்டின் ஆணிகளை ஒவ்வொன்றாகத் துளைத்துக் கழற்றினார், ஒரு இடத்தில் தகரத்தைக் கத்தரித்தும் விட்டார். கார்டு அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்தது. வெட்டின விளிம்பு ஒயரை அறுத்துவிடக் கூடாதே என்று, நாடகத்துக்குத் தைத்த ராஜா அங்கியில் மிச்சமிருந்த சிவப்பு வெல்வெட்டில் பட்டி ஒன்றும் வைத்தார். உள்பக்கம் வெல்வெட் வைத்த கம்ப்யூட்டர் நம் வீட்டில்தான் இருக்கிறது. அன்றிலிருந்து அவர் அதை ஆல்டரேஷன் என்கிறார், வருகிற கஸ்டமருக்கெல்லாம் மேஜைத் துணியைத் தூக்கிக் காட்டுகிறார்.

பிறகு நான் பழகினேன். துப்பாக்கி எனக்குச் சரிப்படவில்லை, சுடுவதற்கு முன் என்னை அறியாமல் ஹாரன் அடித்துவிடுகிறேன், எதிரி உஷாராகிவிடுகிறான். ஆனால் உங்கள் விளையாட்டில் ஒரு வேன் இருக்கிறதே, அது என் கைக்கு உடனே வந்துவிட்டது. "அம்மா இங்க சிக்னல் இல்ல, நிக்காத" என்று தம்பி கத்துவான், இருந்தாலும் நாற்சந்தியில் இரண்டு பக்கமும் பார்க்காமல் எனக்குத் தாண்ட வராது. போன ஞாயிறு தம்பி உங்கள் டீமுக்கு மெசேஜ் போட்டுச் சொன்னான் அல்லவா, எனக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தங்க இருக்காங்க, சுடத் தெரியாது, மைக் ரிப்பேர், வண்டி மட்டும் நல்லா ஓட்டுவாங்க என்று. இப்போது புரிகிறதா. அன்றைக்கு உங்கள் வேனை ஓட்டியது நான்தான். சிரிக்காதே. கோபமும் படாதே. மைக்கை அப்பா கழற்றி வைத்திருந்தார், இருந்தும் நான் வாய்விட்டுப் பேசிக்கொண்டேதான் இருந்தேன். நீ இருமினாய், தண்ணீர் குடிடி என்றேன். சாப்பாட்டு நேரத்தில் நொறுக்குத் தீனி கொறிக்கிற சத்தம் கேட்டது, அதற்கும் திட்டினேன். உனக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனால் எனக்கு நீ சிரித்தது கேட்டது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது மூக்கால் ஒரு சிரிப்பு சிரிப்பாயே, அதே சிரிப்பு. உங்கள் டீமில் இருக்கிற அந்தக் கரகரத் தொண்டைப் பையன் உனக்காக இரண்டு தரம் ஓடி வந்து குண்டடி பட்டான், நல்ல பிள்ளையாகத் தெரிகிறது, நான் எதுவும் கேட்கவில்லை, சும்மா எழுதினேன்.

அப்புறம் நடுவில் ஒன்று சொன்னாய். "வாரம் பூரா ஆபீஸ்ல ஸ்கிரீனப் பாத்துட்டு ரூமுக்கு வந்து படுத்துடுவேன், இந்த ஞாயித்துக்கிழமை மட்டும் இல்லன்னா எனக்குப் பேச்சே மறந்துடும்" என்று அவர்களிடம் சொன்னாய். எனக்குக் கை ஓடவில்லை, வண்டி சுவரில் இடித்தது அப்போதுதான். இத்தனை நாளும் அந்த ம் எனக்காக என்று நினைத்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அது களைத்துப்போன பிள்ளையின் ம் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை. கடைசியில் எல்லோரும் வேனில் ஏறிவிட்டார்கள், நீ அடிபட்டுப் பின்னால் தவழ்ந்து வந்துகொண்டிருந்தாய், "எடுங்க எடுங்க, விட்டுட்டு எடுங்க" என்று மற்ற இருவரும் கத்தினார்கள். நான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் ஜெயித்திருப்போம் என்று தம்பி இன்னும் சொல்லிக் காட்டுகிறான். நீ வந்து கதவைப் பிடிக்கவும் எதிரியின் குண்டு விழவும் சரியாக இருந்தது, வேனோடு நாலு பேரும் எரிந்து போனோம். அவர்கள் என்னைத் திட்டினார்கள், நீதான் "விடுங்கப்பா, எனக்காகத்தான நின்னாங்க" என்றாய். அப்புறம் என் பக்கம் திரும்பி "தேங்க்ஸ் அண்ணா" என்றாய். பெற்று வளர்த்து ஆளாக்கிக் கடைசியில் உனக்கு நான் அண்ணன். அப்பா அன்றைக்கு முழுக்க என்னை அண்ணே என்றுதான் கூப்பிட்டார்.

செய்தி இவ்வளவுதான். இனி உன் விருப்பம். அம்மா கூட இருந்தால் கூச்சமாக இருக்கும் என்றால் சொல்லிவிடு, நான் மனசு சங்கடப்பட மாட்டேன், கொஞ்சம் படுவேன், பிறகு சரியாகிவிடும், கம்ப்யூட்டரைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு வேறு வேலை பார்ப்பேன். கூச்சம் இல்லை என்றால் அப்பா மைக்கை மாட்டித் தருவார். மைக் இருந்தாலும் சாப்பிட்டாயா என்று எல்லோர் முன்னாலும் கேட்க மாட்டேன் என்று வாக்குத் தருகிறேன், ஒரு தடவைக்கு மேல் கேட்க மாட்டேன். நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், நினைத்ததெல்லாம் உனக்கு நடக்க வேண்டும், வாய்விட்டுப் பேச உனக்கு எப்போதும் நாலு பேர் இருக்க வேண்டும். இருமலுக்கு மருந்து வாங்கு, நாளைக்கு வாங்குகிறேன் என்று தள்ளாதே. அப்பா அன்பைச் சொல்லச் சொன்னார், உள்ளேயிருந்துதான் சொன்னார், மெஷின் மறுபடியும் கதவை அடைத்துக்கொண்டது, தம்பி தள்ளிக்கொண்டிருக்கிறான். இதற்குப் பதில் கடிதம் எழுத நேரம் தேடாதே. சனிக்கிழமை கூப்பிடும்போது வரட்டுமா என்று கேட்பேன். நீ ம் என்றால் போதும்.

இப்படிக்கு,
நீ ஏறாமல் வண்டி எடுக்காத
உன் டிரைவர் அண்ணன்,
அதாவது அம்மா.