ஆடிக்கு முன் காலி செய்த வீடு

என் மகராசிக்கு,

கொட்டாம்பட்டியிலும் இப்படித்தான் வேகிறதா? இந்த லாட்ஜ் அறையில் ஜன்னலே இல்லை.

நேற்று கோச்சடைக்குப் போனேன். கல்யாணப் பாத்திரம் வாங்கிய கடையின் குலுக்கலில் நமக்கு விழுந்ததே, அந்த வீட்டைக் கேட்கத்தான். நாம் வாசலில் நின்று போட்டோ எடுத்த வீடு, சும்மா பார்வைக்குக் கட்டி வைத்த மாடல் வீடாம். நமக்கு உரியது அதன் பின்னால் இருக்கும் கருவேலங்காடு. 'கட்டி முடித்ததும் வழங்கப்படும்' என்று கூப்பனின் பின்புறம் பொடி எழுத்தில் போட்டிருக்கிறான், பாவி! எப்போது என்று கேட்டால், "கட்டித் தருவோம்ணே, ஏன் பறக்குறீங்க?" என்கிறான் அங்கே இருந்த ஆள்.

"சாவி கைக்கு வரட்டும்ங்க" என்று நீ அன்றே சொன்னாய். "ஆடி பொறந்துட்டா பால் காய்ச்ச முடியாதுடி" என்று குதித்து, வாடகை வீட்டை ஆனியிலேயே காலி செய்தவன் நான்தான்.

பால் காய்ச்ச நீ எடுத்து வைத்த பித்தளைப் பானை என்னிடம்தான் இருக்கிறது. தினமும் துடைத்து வைக்கிறேன்.

நீ எங்கே என்று கேட்பவர்களிடம், "புதுப் பொண்டாட்டில்ல, ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போயிருக்கா" என்றேன். யாரும் மறுகேள்வி கேட்கவில்லை.

இன்று ஆவணி பிறந்துவிட்டது. ஊரெல்லாம் பால் காய்ச்சுகிறார்கள். இனி நான் என்ன சொல்லட்டும்?

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்