தவக்காலத்து மின்ஸ்

மார்ச் 5, 2007, திங்கள்

காலையிலிருந்து பனி. கெவினின் ஒரு கையுறையைக் காணவில்லை. கட்டிலுக்குக் கீழே, சோபாவுக்குப் பின்னால், எங்கும் இல்லை. என் காலுறை ஒன்றைக் கையில் மாட்டிப் பள்ளிக்கு அனுப்பினேன். திரும்பித் திரும்பி முறைத்துக்கொண்டு போனான். ஆறு வயதுக்கு அந்த முறைப்பு கொஞ்சம் கூடுதல்.

நேற்று ரொறன்ரோவிலிருந்து மச்சாள் போன். இவரின் அக்கா. தாயில்லாத இந்த இரண்டு பிள்ளைகளையும், நான் வருவதற்கு முன், பள்ளி விடுமுறைக்கெல்லாம் கூட்டிப்போய் வைத்திருந்தவர். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் இவர் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். நான் அடுப்படியில்.

"தம்பி, பிள்ளையள் வத்திப்போச்சுதுகள். றீற்றா நல்ல மனிசிதான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா அவள் மன்னாருக்கெல்லே சமைக்கிறாள். இதுகள் மொன்றியல் பிள்ளையள். பதினேழாந் தேதி வாறன். வர விருப்பமெண்டால் என்னோடை கூட்டிக்கொண்டு போறன். பள்ளிக்கூடமும் பாத்து வைச்சிட்டன்."

இவர் என்ன சொன்னார்? "பிள்ளையளைக் கேட்டுச் செய்வம் அக்கா."

பிள்ளைகளைக் கேட்பதாம். டவுன்டவுன் ரெஸ்ரோரன்றில் ஊருக்கெல்லாம் பொரித்துக் கொடுக்கிற மனிதன், வீட்டில் ஒரு முட்டை உடைக்கமாட்டார், நல்ல தீர்ப்பு மட்டும் சொல்லுவார்.

நாற்பத்தாறு வயதில் கலியாணம். ஒக்ரோபரில் வந்து இறங்கினேன். மாப்பிள்ளையோடு இரண்டு பிள்ளைகளும் தயாராக நின்றன. பெறாத நோவோ என்னவோ, விட மனமில்லை. விடவும் மாட்டேன்.

நிலைமை இது:
சோறு கறி – தட்டு போனபடி திரும்பும்.
மீன் – இரண்டு பேரும் மூக்கைப் பொத்துவார்கள்.
புட்டு – "மண் மாதிரி இருக்கு" (மெலனி மகாராணி, ஒன்பது வயது).
பாலும் சீரியலும் – கிண்ணம் கிண்ணமாக.

பள்ளிக்கூடத்தில் மட்டும் ஒரு சாப்பாட்டை வழித்து நக்குகிறார்களாம். பாத்தே சினுவா என்று பெயர், பிரெஞ்சில் சினுவா என்றால் சீனமாம். அடியில் அரைத்த மாட்டிறைச்சி, நடுவில் சோளம், மேலே மசித்த உருளைக்கிழங்கு. சீனாவுக்கும் அதற்கும் என்ன சொந்தம் என்று மெலனிக்கும் தெரியாது.

சரி. இனி மின்ஸ், அரைத்த இறைச்சிதான்.

மார்ச் 6, செவ்வாய்

பா. சினுவா செய்தேன். முழுத் தோல்வி.

காரணம் நான். இந்தத் தவக்காலம் முழுக்க மச்சம் தொடுவதில்லை என்று மடுமாதாவுக்கு நேர்த்தி. வெள்ளி மட்டும் இல்லை, எல்லா நாளும். இறைச்சி, மீன், முட்டை எதுவும் இல்லை, கறித்தண்ணி நுனிநாக்கில்கூட இல்லை. என்ன கேட்டு வைத்த நேர்த்தி என்று இங்கே எழுதத் தேவையில்லை. அந்த இரண்டும் இப்போது முன்னறையில் ரிமோட்டுக்கு அடிபடுகின்றன.

ஆகவே உப்புப் பார்க்கவில்லை. வதக்கும்போது உப்பு. பிறகு சூப் கட்டி, அதிலும் உப்பு. போட்டேனா இல்லையா என்று சந்தேகம் வந்து திரும்பவும் உப்பு. பழக்கதோஷத்தில் பச்சை மிளகாயும் இரண்டு.

கெவின் நாக்கை வெளியே தொங்கவிட்டு, "ஸா பீக்! ஸா பீக்!" என்று வீட்டைச் சுற்றி ஓடினான். உறைக்குதாம்.

மெலனி ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அன்ரி, நீங்கள் டேஸ்ற் பண்ணேல்லையா?"

"தவக்காலமடி. நான் மச்சம் தொடுறேல்லை."

"அப்ப நீங்கள் சாப்பிடாததை எங்களுக்குத் தாறீங்கள்."

தட்டுகளை எடுத்துப்போய்ப் பாலும் சீரியலும் வைத்தேன்.

மார்ச் 7, புதன்

அதே வசனம் ரொறன்ரோ போய்ச் சேர்ந்துவிட்டது. மச்சாள் இவருக்கு: "தான் வாயிலை வைக்காததைப் பிள்ளையளுக்குக் குடுக்கிறாளாம்?" இவர் விளக்கினார். விளக்கிய விதம் எனக்கே விளங்கவில்லை.

பிறகு என்னிடம் வந்து, "நாக்கிலை வைச்சுத் துப்பன் றீற்றா. மாதா என்ன கணக்கெடுத்துக்கொண்டே இருக்கிறா?"

"மாதாவை விடுங்கோ, எனக்குத் தெரியுமெல்லே."

துப்பமாட்டேன். விழுங்கிவிடுவேன். மின்ஸ் என்றால் எனக்கு உயிர் என்று அவருக்குத்தான் தெரியாது.

மேல் வீட்டுப் பெண்ணின் நாய் இன்றும் மூன்று மணிக்கு அழுகை. தலையிடி.

ஒரு யோசனை உண்டு. நாளைக்கு.

மார்ச் 8, வியாழன்

பள்ளி விட்டு வந்தவளிடம் கேட்டேன்.

"மகாராணி, உங்கடை அரண்மனையிலை ஒரு வேலை காலியாக் கிடக்கு. உப்புப் பாக்கிற வேலை."

"சம்பளம்?"

"திட்டு இல்லாமல் ஒரு நாள்."

கொஞ்சம் யோசித்து, கதிரையை இழுத்து அடுப்படியில் போட்டு ஏறி நின்றாள். இறைச்சி உருண்டை, தக்காளி சோஸில். கறித்தண்ணியை அவளுடைய உள்ளங்கையில் ஊற்றப் போனேன், நாங்கள் பார்க்கிற மாதிரி. கையைப் பின்னால் ஒளித்தாள். "கரண்டியிலை தாங்கோ." கரண்டியில் கொடுத்தேன். கண்ணை மூடி, தலையைச் சரித்து, பெரிய நீதவான் மாதிரி.

"உப்புக் காணாது."
"இப்ப?"
"கொஞ்சம் சீனி."
"இறைச்சிக்குச் சீனியோ?"
"அன்ரி, நீங்கள் டேஸ்ற் பண்ணேல்லை. நான்தான் பண்ணினது."

வாயை மூடிக்கொண்டு சீனி போட்டேன். கறித்தூள் தகரத்தைத் திறந்தேன், மூடச் சொன்னாள். பேரம் பேசி அரைத் தேக்கரண்டி வாங்கினேன். அதைச் சாப்பிட்டுப் பார்த்து, "இது ஓகே" என்றாள். எனக்கு அது பெரிய பட்டம்.

கெவின் ஸ்பகற்றியை விட்டுவிட்டு உருண்டைகளைப் பொறுக்கினான். சட்டியில் இவருக்கென்று ஒன்றுதான் மிஞ்சியது.

நினைவுக்கு:
மின்ஸ் வதங்கியதும் கொழுப்பை வடி.
ப. மிளகாய் இல்லை. மிளகு மட்டும்.
கரட்டை நன்றாகச் சுரண்டி உள்ளே ஒளி. இரண்டு பேருக்கும் தெரியாது. சொல்லவும் கூடாது.
ஊறவைத்த சாண்ட்விச் பாண் துண்டு ஒன்று சேர், உருண்டை மெத்தென்று வரும்.

மார்ச் 9, வெள்ளி

வீட்டில் ஒருவருக்கும் மச்சம் இல்லை. உ.கிழங்கு, சீஸ், ஓவன். இரண்டு பேருக்கும் பிடித்தது. மெலனி சும்மா கதிரையில் ஏறி நின்றாள்.

"இண்டைக்கு நானே உப்புப் பாக்கலாமடி."

"தெரியும்." இறங்கவில்லை.

மார்ச் 13, செவ்வாய்

தண்ணீர்க் குழாய் அடைப்பு. வீட்டுக்காரர் வந்து பிரெஞ்சில் பெரிய பிரசங்கம். மெலனி மொழிபெயர்த்தாள்: "சோளம் கொட்டவேண்டாமாம்." அவ்வளவு நேரம் பேசியதற்கு அவ்வளவுதானா?

மின்ஸ் கட்லட். உருட்டியதைக் கெவின் தொடவில்லை. தட்டையாக அமர்த்தி, "இது ஹொக்கி பக், ஐஸிலை அடிக்கிற வட்டு, சாப்பிடுற சாமான் இல்லை, தொடாதை" என்றேன். கரண்டியால் ஒன்றை அடித்தான். கோல். கோலுக்குள் போனதைத் தின்னவேண்டும் என்பது அவனே போட்ட சட்டம். ஆறு கோல்!

இவர் வேலையால் வந்து சப்பாத்துக்குள்ளிருந்து ஒரு கட்லட் எடுத்தார். எடுத்தபடி தின்றுவிட்டு, "நல்லாயிருக்கு" என்றார். இப்படி ஒரு மனிதன்.

மெலனி படுக்கப் போகும்போது வந்து நின்றாள். "அன்ரி, நீங்கள் ஏன் மச்சம் சாப்பிடுறேல்லை? எல்லாரும் வெள்ளிக்கிழமை மட்டும்தானே."

"ஒரு விருப்பத்துக்கு."

"என்ன விருப்பம்?"

"சொன்னால் பலிக்காது. போய்ப் படு, மூக்கு நுழைக்காமல்."

மார்ச் 16, வெள்ளி

நாளை மச்சாள். வீடு துடைத்தேன். இரண்டு தரம். இவர்: "ஆட்டிறைச்சிப் புரியாணி போடன், அக்காவுக்கு விருப்பம்."

முடியாது. பிள்ளைகள் சாப்பிடுகிறதை அவர் கண்ணால் பார்க்கவேண்டும். பா. சினுவாதான். பெரிய தட்டில்.

கெவின் பள்ளி விட்டு வந்ததிலிருந்து ரொறன்ரோ மாமி வீட்டுக் கொம்பியூட்டர் கேமைப் பற்றியே கதை. பெட்டியில் என்ன வைப்பது என்று என்னையே கேட்கிறான். எடுத்துக் கொடுத்தேன்.

செபமாலை. நடுவில் சோளத் தகரம் வாங்க மறந்தது நினைவு. எழும்பி மூலைக்கடைக்கு, தெப்பனோருக்கு, ஓடினேன், நல்லவேளை பூட்டவில்லை.

மார்ச் 17, சனி

மத்தியானம் வந்தார். ஒரு பெட்டி ரோல்ஸ், ஒரு வெறும் சூட்கேஸ். பிள்ளைகள் பாய்ந்து தொங்கினார்கள். சூட்கேஸை வாசலோடு வைத்தார். நான் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தேன், பூனை மாதிரி.

மெலனி கதிரையில் நின்று உத்தரவு. மின்ஸில் கறித்தூள் அரைக்கரண்டி, சீனி ஒரு கிள்ளு, உப்பு அவள் சொன்னபடி. உ.கிழங்கின் மேல் முள்ளுக்கரண்டியால் கோடு போட்டது கெவின்.

மேசையில் மச்சாள் வாயில் வைக்குமுன் உப்புப் போத்தலை எடுத்தார்.

"மாமி! பாத்திட்டுப் போடுங்கோ. உப்பு நான் பாத்தது."

மச்சாள் போத்தலை வைத்தார். சாப்பிட்டார். திரும்பவும் போட்டுக்கொண்டார். "றீற்றா, நீர் சாப்பிடேல்லையே?"

"தவக்காலம் முடியட்டும் மச்சாள்."

"முழுக்கவோ? நான் வெள்ளி மட்டும்தான்."

"அதுதான் உங்களுக்கு மோட்சத்திலை பின்வரிசை வாங்கு, எனக்கு முன்வரிசை வாங்கு."

சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்தி, பிள்ளைகளைப் பார்த்து, நேரே கேட்டார். "என்ன பிள்ளையள், மாமியோடை வாறியளா?"

கெவின்: "ஓம்! அக்கா வந்தால்."

எல்லோரும் மெலனியைப் பார்த்தோம். இவர் தண்ணீர்க் குவளைக்குள் பார்த்தார்.

அவள் தட்டை வழித்துக்கொண்டே, "இப்ப ஏலாது மாமி. ஈஸ்டர் வரும் மட்டும் அன்ரி டேஸ்ற் பண்ணமாட்டா. நான் போனால் கெவினுக்கு ஆர் உப்புப் பாக்கிறது? அவ மூண்டு தரம் போடுவா."

"ஈஸ்டருக்குப் பிறகு?"

"பிறகு பாப்பம்."

மச்சாள் எழும்பித் தட்டுகளை அடுக்கினார். பின்னேரம் சூட்கேஸுக்குள் மிச்ச பா. சினுவா ஒரு டப்பா, என் கட்லட் ஒரு டப்பா. கதவடியில் என் கையைப் பிடித்து, "பிள்ளையளின்ரை கன்னம் கொஞ்சம் ஊதியிருக்கு" என்றார். கண்டிப்பான மனிதரிடமிருந்து அவ்வளவு வந்தது போதும்.

மார்ச் 18, ஞாயிறு

பூசை. திரும்பி வரும்போது மெற்றோவில் மெலனி: "அடுத்த கிழமை லசானியா. நான் பெட்டியிலை வாசிச்சுச் சொல்லுறன், நீங்கள் செய்யுங்கோ."

பனி உருகுகிறது. ஈஸ்டர் வந்தால் என் நேர்த்தி முடியும். முடிந்தால் நானே உப்புப் பார்க்கலாம், அவள் கதிரையிலிருந்து இறங்கலாம்.

இவரிடம் சொன்னேன், ஈஸ்டருக்குப் பிறகும் நான் மச்சம் தொடப்போவதில்லை என்று.

"உமக்கென்ன விசரா? எவ்வளவு காலத்துக்கு?"

"அவள் கலியாணம் கட்டும் மட்டும்."