இரும்பு செய்யாத வேலை

நேற்று இழுப்பறையைத் துழாவியபோது அந்தக் காந்தத் துண்டு கையில் சிக்கியது. குடுவைக்குள் சுழன்று கலக்குவதற்குப் போடுவோமே, வெள்ளைப் பூச்சு போட்ட துண்டு. ஓரத்தில் கறுப்புக் கறை. என்னைப் போன்ற மாமேதையை இத்தனை சின்னப் பொருள் கவிழ்த்துவிட்டது என்றால் நீ விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

தங்கத்தோடு போட்டி போடும் விலையுள்ள பல்லேடியம் என்ற உலோகத்தை ஒதுக்கிவிட்டு, சல்லிசான இரும்பு உப்பை வைத்தே இரண்டு மூலக்கூறுகளை இணைத்துவிட்டோம் என்று அன்று நான் முழங்கினேன். மலைக்கோட்டையைப் பெயர்த்துவிட்டு அங்கே எனக்குச் சிலை வைப்பார்கள் என்றேன். நீ லால்குடி ரயிலுக்குப் பையை மாட்டியபடி நின்றாய். லேப்பில் எல்லாருக்கும் நான் மாமா; உனக்கும்.

“சிலை இருக்கட்டும் மாமா. புது மேக்னெட் போட்டு ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. இது பல்லேடியம் வேலைக்குக் கிடந்தது. கறை அப்படியே இருக்கு.”

“நாலு தடவை கழுவியாச்சு. காவிரியே வந்து கழுவினாலும் இதுக்கு மேல சுத்தமாகாது.”

“கறை போகலையே?”

“உனக்குச் சந்தேகம்தான் சாப்பாடு. ரயிலைப் பிடி, போ.”

கழுவித் திரும்பப் போடுவது நம் லேப் வழக்கம். அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன். கட்டுரை வந்தது, உன் பெயர் முதலில். பிறகு உன் நோய் வந்தது. கண்மூடும்வரை நீயும் கேட்கவில்லை, நானும் ஓட்டிப் பார்க்கவில்லை.

போன வாரம் வேறு ஊர் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி போனில் அழுதாள். “ஒரு வருஷமா உங்க முறைப்படிதான் சார் செய்யறேன். ஒண்ணும் நடக்கலை. எங்க தப்பு பண்றேன்?”

நேற்று புதுக் காந்தம் போட்டேன். ஸ்ரீரங்கத்தில் பள்ளிகொண்டவரே எழுந்து நடந்தாலும் நடப்பார், இந்த இரும்பு அசையாது என்று தெரிந்தது. பழையதைப் போட்டதும் மளமளவென்று வேலை நடந்தது.

உண்மையைச் சொன்னால் உன் பெயரும் அடிபடும். உன் மகள் அந்தக் கட்டுரையின் முதல் பக்கத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். சொல்லாவிட்டால் அந்தப் பெண் தன்னையே நொந்துகொண்டு இன்னொரு வருஷம் கிடப்பாள். லேப் கதவு திறந்துதான் கிடந்தது. காலையிலிருந்து என்னால் வெளியே போக முடியவில்லை.

சற்று முன் அந்த மாணவியைப் போனில் கூப்பிட்டேன். “தப்பு உன் மேல இல்லைம்மா. வேலை செஞ்சது இரும்பு இல்லை, ஒட்டிக் கிடந்த பழைய பல்லேடியம். கூட வேலை பார்த்தவங்க அன்னைக்கே சொன்னாங்க. நான்தான் கேக்கலை.” பத்திரிகைக்கும் இதையே எழுதி அனுப்பிவிட்டேன்.

நாளை லால்குடிக்குப் போய் உன் மகளிடம் சொல்ல வேண்டும். அண்டசராசரம் நடுங்கப் பேசும் இந்த வாய்க்கு முதல் வரியே வரவில்லை. நம் கட்டுரைகளுக்கெல்லாம் முதல் வரி எழுதிக் கொடுத்தது நீதானே.