தொண்ணூற்று மூன்று கிலோ

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே மூவரும் சுகம், உன் அப்பாவுக்குத்தான் கத்திக் கத்திக் குரலே போய்விட்டது. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் தங்கச்சி பளுதூக்கும் போட்டியில் ஜெயித்துவிட்டாள்டா! போனில் உன்னிடம் தூக்கிட்டேண்ணா என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பாள், அவள் சுபாவம்தான் தெரியுமே, அதனால்தான் நடந்ததை எல்லாம் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கார் ஷெட்டில் நீ விட்டுப்போன இரும்புத் தட்டுகளில் எல்லாம் பவுண்டுதானே பொறித்திருக்கிறது, அவளுக்கு மனதில் ஓடுவதும் பவுண்டுதான். போட்டியிலோ எல்லாமே கிலோ. முதல் தடவை எண்பத்தாறை அலட்சியமாகத் தூக்கினாள். அடுத்து பலகையில் தொண்ணூறு என்று விழுந்ததும் முகம் வெளிறி, தோள்வரை வந்ததைத் தொப்பென்று போட்டுவிட்டாள். எதிரில் நின்ற பெண் தொண்ணூற்றிரண்டைத் தூக்கிவிட்டாள். மூன்று வாய்ப்பில் மிச்சம் ஒன்று, அடுத்த மாதப் போட்டிக்குப் போகும் அணியில் இடமும் ஒன்றுதான். கோச் தயங்காமல் தொண்ணூற்று மூன்று கேட்டுவிட்டார். இவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அய்யோ, அப்பாவே தொண்ணூத்தி மூணு கிலோதாம்மா, அவரைத் தலைக்கு மேல தூக்குற மாதிரி இருக்கு, நான் போகல" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். அப்போதுதான் எனக்கு, கிலோவை இரட்டித்து அதில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டினால் பவுண்டு என்பது ஞாபகம் வந்தது. விரல் விட்டு எண்ணினேன், நூற்று எண்பத்தாறு, அதோடு பதினெட்டரை, ஏறக்குறைய இருநூற்றைந்து! "அடியே, இருநூத்தஞ்சு பவுண்டுடி, போன வாரம் ஷெட்ல தூக்கி பக்கத்து வீட்டு நாயை ஊளையிட வெச்சியே, அதேதான்" என்றேன். அழுகை நின்றது. "அதுவா?" என்று கேட்டாள், அவ்வளவுதான், மூக்கைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

கம்பி தோளுக்கு வந்தது, ஒரு மூச்சு நின்றாள், அப்புறம் மேலே! முழங்கை கொஞ்சம் நடுங்கியது, நான் கண்ணை மூடிக்கொண்டேன், திறந்தபோது தூக்கியது செல்லும் என்று நடுவர்களின் மூன்று வெள்ளை விளக்கும் எரிகிறது. உன் அப்பா நாற்காலிமேல் ஏறி, "என்னையே தூக்கிட்டா, என்னையே தூக்கிட்டா" என்று ஊரைக் கூட்டிவிட்டார். முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் அவரைக் கட்டிப்பிடித்தார்கள்.

பஸ்ஸில் திரும்பும்போது என் தோளில் சாய்ந்துகொண்டு, கணக்கு வேற மாதிரி வந்திருந்தா என்னம்மா சொல்லியிருப்பே என்று கேட்டாள். அப்பவும் இருநூத்தஞ்சுன்னுதான் சொல்லியிருப்பேன் என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் டிரைவரே திரும்பிப் பார்த்தார்.

நீ நோய்நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி நன்றாக இருக்க வேண்டும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. அடுத்த மாதப் போட்டிக்கு லீவு கிடைக்குமா என்று மறக்காமல் கேள், அவள் வாய்விட்டுக் கேட்கமாட்டாள், ஆனால் காத்திருக்கிறாள்.

எப்போதும் உன் நினைவாக,
அம்மா