மின்னல் அணியின் ஒரேயொரு வெற்றியைத் திருப்பித் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
திருமதி யசிந்தா அந்தோனிதாசன்,
செயலாளரும் இரண்டாம் பேஸ் காவலரும்,
மின்னல் விளையாட்டுக் கழகம்,
கிரின்ஸ்டெட்.

பெறுநர்:
திரு. ஐனர் தொஃப்ட் அவர்கள்,
தலைவர், மேன்முறையீட்டுக் குழு,
மத்திய யூலண்ட் பேஸ்போல் ஒன்றியம்,
ஹேர்னிங்.

விடயம்: 1986ஆம் ஆண்டின் மூன்றாம் பிரிவுக் கடைசி ஆட்டத்தில் எமது அணி பெற்ற வெற்றி செல்லாது என்ற தீர்ப்பை மீளாய்வு செய்யக் கோருதல்.

பெருமதிப்புக்குரிய ஐயா,

எமது அணியினர் அனைவரதும் பணிவான வணக்கத்தைத் தாங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். இம்மனுவைத் தமிழிலேயே எழுதுகிறேன். டேனிஷ் வகுப்பில் நான் இன்னும் கடையில் பாலும் பாணும் வாங்குகிற பாடத்தில்தான் நிற்கிறேன். அந்த டேனிஷை வைத்துக்கொண்டு நியாயம் கேட்க முடியாது. இதை மொழிபெயர்த்துத் தங்களிடம் சேர்ப்பவர் எமது அணியின் திரு. செல்வரட்ணம். மிக நல்ல மனிதர். ஆனால் நான் உறைப்பாகச் சொல்வதற்கெல்லாம் சீனி போட்டு மொழிபெயர்க்கும் பழக்கம் அவருக்கு உண்டு. ஆகவே தமிழ்ப் பிரதியையும் இணைத்திருக்கிறேன். அண்ணை, இந்த வரியையும் விடாமல் எழுதுங்கோ.

1. முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். நாட்டுப் பிரச்சினையால் ஓடி வந்த எங்களை இந்நாடு ஏற்றுக்கொண்டது. அந்த நன்றியை நாங்கள் சாகும்வரை மறக்கமாட்டோம். ஆனால் ஏற்றுக்கொண்ட கையோடு எங்களை ஊருக்கு ஒருவராகத் தூவிவிட்டார்கள். ஹேர்னிங்கில் இரண்டு குடும்பம், ஸ்கீவயில் தன்னந்தனியாக செல்வரட்ணம், கிரின்ஸ்டெட்டில் நாங்கள். பஸ்ஸை நம்பி ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வர முடியாது. கடந்த குளிர்காலம் முழுவதும் என் கணவரின் குறட்டையைத் தவிர வேறு தமிழ்ச் சத்தம் என் காதில் விழவில்லை. அதையும் தமிழ் என்று நான்தான் சொல்லிக்கொண்டேன்.

2. சித்திரை மாதம் இங்குள்ள விளையாட்டு மண்டபத்தில் தங்கள் ஒன்றியத்தின் சுவரொட்டி ஒன்று தொங்கியது. மூன்றாம் பிரிவில் ஓர் அணி குறைகிறது, ஆணும் பெண்ணும் சேர்ந்து விளையாடலாம் என்று அதில் எழுதியிருந்ததாகப் பிறகுதான் அறிந்தோம். அன்று எழுத்து விளங்கவில்லை, படம் விளங்கியது. ஒருவர் மட்டையை ஓங்கி நிற்கிறார், மற்றவர்கள் பந்துக்காகக் காத்து நிற்கிறார்கள். என் கணவர் அந்தோனிதாசன், "இஞ்சரும், இது எங்கட எல்லேதானே!" என்று மண்டபம் அதிரக் கத்தினார். எல்லே என்பது எங்கள் நாட்டு ஆட்டம். பந்தை அடித்துவிட்டு வட்டமாக ஓடி வரவேண்டும். மன்னாரில் எனது பள்ளிக்கூட எல்லே அணிக்கு நான்தான் தலைவி. விடுவேனா? அன்றைக்கே பெயர் கொடுத்தோம். மின்னல் என்று அணிக்குப் பெயர் வைத்தவர் என் கணவர். எங்கள் ஓட்டத்தைப் பார்த்தவர்கள் அந்தப் பெயரைக் கேட்டுச் சிரிப்பதுண்டு.

அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் கிரின்ஸ்டெட் மைதானம் எங்களுக்குக் கிடைத்தது. பழைய வான் ஒன்றில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு சிவானந்தன் ஹேர்னிங்கிலிருந்து வருவார். பயிற்சி கொஞ்ச நேரம். பிறகு சோறு, கறி, சிரிப்பு, சண்டை. இருட்டும்வரைக்கும் கதை. பந்தடி பழகினோம் என்று எழுதினால் பொய்யாகும்.

3. முதல் ஆட்டம் ஸ்கீவ நகரின் கொக்கு அணியுடன். எல்லேயில், ஓடுகிறவர் மேல் பந்தை எறிந்து பட்டால் அவர் ஆட்டமிழப்பார். பேஸ்போலில் அப்படி இல்லை என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவர்களின் தலைவர், பேக்கரி வைத்திருக்கும் கனத்த மனிதர், ஓடிக்கொண்டிருந்தார். சிவானந்தன் குறிபார்த்து அவருடைய முதுகில் விட்டார் பாருங்கள் ஓர் எறி! அவர் புல்லில் கிடக்க, நாங்கள் விசிலடித்துத் துள்ளினோம். துள்ளியது நாங்கள் மட்டும்தான். நடுவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். அவர் ஆங்கிலத்தில் பொறுமையாக விளக்கினார். அமெரிக்காவில் கடந்த நூற்றாண்டில், சின்னஞ்சிறு ஊர்களின் அணிகள் இப்படித்தான் எறிந்து விளையாடினவாம். அந்த விதி எப்போதோ ஒழிந்துவிட்டதாம், நாங்கள் ஒரு நூறு வருடம் பிந்தி வந்துவிட்டோமாம். என் கணவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, "பழைய முறையில நாங்கள் கெட்டிக்காரர்" என்று நடுவரின் கையைக் குலுக்கினார். அடுத்த கிழமை பேக்கரிக்காரருக்கு ஒரு தட்டு வடை கொடுத்தனுப்பினோம். இதுபற்றி இரு தரப்பிலும் மனக்கசப்பு எதுவும் இல்லை.

4. அந்தப் பிழையை ஒரே நாளில் திருத்திவிட்டோம். திருத்த முடியாமல் போனது வேறொன்று. இம்மனுவின் உயிரே அதில்தான் இருப்பதால் தாங்கள் பொறுமையோடு வாசிக்க வேண்டும்.

எங்கள் ஆட்களுக்கு, தெரியாமல் ஒருவர்மேல் கால் பட்டுவிட்டால் அந்த ஆளைக் கையால் தொட்டு, அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். அதுதான் மன்னிப்பு. நாங்கள் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்; சிவானந்தன் சைவ சமயம். இதில் எல்லோரும் ஒன்றுதான். நடக்கப் பழகும்போதே பழகியது, யோசித்துச் செய்வதல்ல. பேஸ்போலிலோ ஓடுகிறவர் தங்கி நிற்கும் ஒவ்வொரு பேஸிலும் எதிரணிக்காரர் ஒருவர் நிற்பார். கால் படாமல் எப்படி? எங்கள் ஆட்கள் அடித்தார்கள், ஓடினார்கள், கால் பட்டது, குனிந்தார்கள், குனிந்த முதுகை எதிரணியினர் பந்தால் தொட்டு ஆட்டமிழக்கச் செய்தார்கள். "கும்பிடுறதை ஆட்டம் முடிஞ்சாப்பிறகு கும்பிடலாம், ஓடுங்கோ!" என்று நான் தொண்டை கிழியக் கத்தியும் பயனில்லை. "கை தன்ரபாட்டில போகுது யசிந்தா, நான் என்ன செய்ய?" என்றார் சிவானந்தன். ஒருநாள் விதிமுறைப் புத்தகத்தில் கால் பட்டு, அதையும் தொட்டுக் கண்ணில் ஒற்றினார்.

கோடை பாதி முடிவதற்குள் இந்தச் செய்தி மூன்றாம் பிரிவு முழுக்கப் பரவிவிட்டது. எதிரணிகள் தங்கள் கழகத்திலேயே வயதில் மூத்தவரைத் தேடிப்பிடித்து பேஸில் நிறுத்தி, காலைக் கொஞ்சம் நீட்டி வைத்திருக்கச் சொன்னார்கள். ஓர் அணி கொண்டுவந்த தாத்தாவுக்குக் கைத்தடி பிடிக்கவே ஓர் ஆள் வந்திருந்தார். வயதானவர் என்றால் எங்கள் ஆட்கள் இன்னும் ஆழமாகக் குனிவார்கள். தோற்றோம், பிறகும் தோற்றோம். அதைப்பற்றி நான் முறையிடவில்லை. அது அவர்களின் கெட்டித்தனம்.

5. இப்போது திரு. ஹோல்கர் மாட்சன் பற்றி. ஓய்வுபெற்ற தபால்காரர். கொக்கு அணியில், கடைசி பேஸுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவர். அந்த முதல் ஆட்டத்தில் செல்வரட்ணத்தின் கால் இவர்மேல் பட்டது. செல்வரட்ணம் வழக்கம்போல் குனிய, தொலைந்த மூக்குக்கண்ணாடியைத்தான் தேடுகிறார் என்று நினைத்து, இவரும் சேர்ந்து புல்லில் தேடியிருக்கிறார். ஆட்டம் முடிந்து கோப்பி குடிக்கும்போது அது என்ன என்று என்னிடம் கேட்டார். அரைகுறை ஆங்கிலத்திலும் மீதியைக் கையாலும் சொன்னேன். மனிதர் கோப்பியைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு தரம் செய்து காட்டச் சொன்னார். பிறகு ஒருநாள் அவருடைய மனைவி என்னிடம், வீட்டில் பூனைமேல் கால் பட்டாலும் இவர் குனிகிறார், பூனைக்கு இப்போது பெரிய எடுப்பு என்று சொல்லிச் சிரித்தார்.

6. கடைசி ஆட்டம் செப்டெம்பர் மாதக் கடைசிச் சனிக்கிழமை, எங்கள் கிரின்ஸ்டெட் மைதானத்தில், அதே கொக்கு அணியுடன். மழை விட்டுப் புல் ஈரமாக இருந்தது. எட்டுக்கு எட்டு என்று சமநிலை. எங்களுடைய கடைசி முறை. மூன்றாம் பேஸில் செல்வரட்ணம் நிற்கிறார், அவர் கடைசி பேஸைத் தொட்டால் வெற்றி எங்களுக்கு. மட்டை என் கையில். தற்பெருமை பேசுவது அழகல்ல என்றாலும் உண்மையை எழுதத்தானே வேண்டும்: நல்ல அடி ஐயா, பந்து வேலிவரை போனது. அவர்களும் சும்மா இல்லை. செல்வரட்ணம் வந்து சேருமுன்னே பந்து திரு. மாட்சனின் கைக்கு வந்துவிட்டது. செல்வரட்ணம் வழுக்கி, வயிற்றில் சறுக்கிக்கொண்டு வந்தார். வழியை மறிக்கத் திரு. மாட்சன் ஒரு காலை முன்னே வைத்தார். சப்பாத்து செல்வரட்ணத்தின் தலையில் பட்டது.

பந்தைக் கொஞ்சம் தாழ்த்தி அதனால் அவரைத் தொட்டிருந்தால் எங்கள் கதை முடிந்திருக்கும். திரு. மாட்சன் குனிந்தார். வலக்கையால் செல்வரட்ணத்தின் தோளைத் தொட்டு, அந்தக் கையைத் தன் கண்ணில் ஒற்றினார். பந்து இருந்ததும் அதே வலக்கையில்தான். தொடுவதற்குக் கையை விரித்தபோதே அது நழுவிப் புல்லில் உருண்டு போனது. செல்வரட்ணம் அதைக் கவனிக்கவேயில்லை. மற்றவரிடம் மன்னிப்புக் கேட்டே பழகிய மனிதர், தன்னிடம் ஒருவர் கேட்டதும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டு கிடந்தார். "அண்ணை, கையை வையுங்கோ! பேஸில கையை வையுங்கோ!" என்று நான் போட்ட சத்தம் ஹேர்னிங்வரை கேட்டிருக்கும். வைத்தார். ஆட்டமிழக்கவில்லை என்று நடுவர் இரு கைகளையும் விரித்தார். ஒன்பதுக்கு எட்டு. என் கணவர் குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதார். நான் அழவில்லை என்று எழுதினால் செல்வரட்ணம் அண்ணை திருத்திவிடுவார், ஆகவே நானும் அழுதேன்.

7. போன கிழமை தங்கள் குழுவின் கடிதம் வந்தது. எமது அணி "அந்நியச் சைகைகளால் எதிரணி வீரரின் கவனத்தைக் கலைத்தபடியால்" வெற்றி செல்லாதாம். ஒரு வெற்றியும் இல்லாத அணிக்கு அடுத்த வருடம் இடம் இல்லையாம். இடம் இல்லையென்றால் சனிக்கிழமை மைதானம் நாய் பழக்கும் கழகத்துக்குப் போகுமாம். நாய்களோடு எனக்கு ஒரு கோபமும் கிடையாது. தீர்ப்புப் பற்றி மட்டும் தாழ்மையுடன் கேட்கிறேன்.

(அ) அந்த நேரத்தில் சைகை செய்தது எமது அணியா? செல்வரட்ணம் குப்புறக் கிடந்தார், இரு கையும் சேற்றில். சைகை செய்தவர் தங்கள் நாட்டுத் தபால்காரர்.

(ஆ) கோடை முழுவதும் இதே சைகையால் நாங்கள் தோற்றோமே, அப்போது அது அந்நியமாகத் தெரியவில்லையா? நாங்கள் குனிந்து தோற்கலாம், அவர் குனிந்து நாங்கள் வெல்லக்கூடாது என்றால், இது எந்த ஊர் நியாயம் ஐயா? அண்ணை, இதற்குச் சீனி வேண்டாம்.

(இ) தீர்ப்பு எழுதுமுன் திரு. மாட்சனை யாராவது கேட்டார்களா? கேட்கவில்லை. நான் கேட்டேன். அவர் சொன்னது கீழே இருக்கிறது.

8. ஆகவே, அந்த ஒரு வெற்றியை மட்டும் எங்களுக்குத் திருப்பித் தருமாறு தங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். மற்றத் தோல்விகள் எதையும் மாற்ற வேண்டாம். அவை நாங்களே பாடுபட்டுத் தேடியவை, எங்களிடமே இருக்கட்டும். ஆனால் மைதானம் போனால் சனிக்கிழமையும் போகும். சனிக்கிழமை போனால் வான் வராது. மற்றுமொரு குளிர்காலத்தை அந்தக் குறட்டையோடு மட்டும் கழிக்க வேண்டும் என்று நினைக்க எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. தாங்கள் ஒரு சனிக்கிழமை இங்கு வந்து பார்த்துவிட்டுத் தீர்ப்பைச் சொன்னாலும் சரி. சாப்பாடு நாங்கள் தருவோம், உறைப்புக் குறைத்தே சமைப்பேன்.

தங்கள் நல்ல பதிலை எதிர்பார்த்து, மட்டையைக் கழுவித் துடைத்து வைத்திருக்கும்,

(ஒப்பம்) யசிந்தா அந்தோனிதாசன்

இடம்: கிரின்ஸ்டெட்
திகதி: 18.10.1986

மொழிபெயர்த்தவர்: செல்வரட்ணம். ஒரு வரியும் விடவில்லை. சீனியும் போடவில்லை.

சாட்சியின் கூற்று (டேனிஷில் எழுதித் தந்தது):

என் கால் அவருடைய தலையில் பட்டது. பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். செய்தேன். பந்து விழுந்தது என் கையிலிருந்து, அவர்கள் யாரும் அதைத் தட்டிவிடவில்லை. அடுத்த வருடம் பட்டாலும் இதையேதான் செய்வேன். அதற்கு அவர்கள் அடுத்த வருடமும் வர வேண்டும்.

(ஒப்பம்) ஹோல்கர் மாட்சன், கொக்கு அணி, ஸ்கீவ