வாகனம் ஒட்டாதீர்கள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். ஒரு வரி மேலே ஏறுகிறது, அடுத்தது சரிந்து விழுகிறது, விரலும் வலிக்கிறது, ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லையம்மா, இந்த வயதில் எழுத்துக் கற்று, யாரையும் கெஞ்சாமல் நானே எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கவேண்டும். இப்போதெல்லாம் சோப்பு உறை, பஸ் பலகை என்று கண்ணில் பட்டதையெல்லாம் சத்தம்போட்டுப் படிக்கிறேன், உன் அண்ணி என்னை ரேடியோ என்கிறாள்.

போன திங்கட்கிழமை நடந்ததைக் கேள். உன் அண்ணனுக்கு விடாத இருமல். பள்ளி வேனை எடுக்கப் புறப்படும்போது சமையலறையில் நின்றபடியே இருமல் மருந்தை மூடி மூடியாக ஊற்றிக் குடித்தான். நான் பாட்டிலை எடுத்து எழுத்துக்கூட்டினேன், மருந்து குடித்தபின் வாகனம் ஒட்டாதீர்கள் என்று வந்தது. வேன் என்ன தபால்தலையா, எச்சில் தொட்டு ஒட்டுறதுக்கு என்று கேட்டேன். அவன் இருமிக்கொண்டே சிரித்தான். உன் அண்ணியும், ஐயோ மாமா, அடியில சுழி இருக்கு பாருங்க, அது ஒட்டாதீங்க இல்ல, ஓட்டாதீங்க என்று சிரித்தவள், சொன்ன வாய் மூடுமுன் சிரிப்பை நிறுத்திவிட்டு அவன் கையிலிருந்த சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். அவனுக்கு வந்ததே கோபம், நான் என்ன தண்ணியா போட்டிருக்கேன், ஒரு சொட்டு தொட்டதுண்டா, பிள்ளைங்க தெருவுல நிக்குதுங்க, குடுடி என்று குதித்தான். தண்ணி போட்டவனும் இதையேதான் சொல்வான், எனக்கு ஒண்ணும் ஆகல, நிதானமாத்தான் இருக்கேன்னு என்றாள் அவள். பதில் சொல்ல வாயைத் திறந்தான், பெரிய கொட்டாவிதான் வந்தது. அப்புறம் அவனே கூட்டாளியைக் கூப்பிட்டு வேனை எடுக்கச் சொன்னான். பிள்ளைகள் தாமதமாகப் போனார்கள், தாய்மார்கள் போனில் திட்டினார்கள், அது ஒன்றும் காதில் விழாமல் இவன் நாற்காலியிலேயே மதியம்வரை குறட்டை விட்டான். அந்த நேரம் அவன் கையில் ஸ்டியரிங் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் சொல். இப்போது டாக்டர் தூக்கம் கொண்டுவராத இருமல் மருந்து கொடுத்திருக்கிறார்.

நீயும் அங்கே கார் ஓட்டுகிறாய். ஆபீஸ் விருந்தில் ஒரு கிளாஸ் எடுத்துக்கொள்வேன் என்று சொன்னாய், நான் திட்டவில்லை, நீ பெரியவள். ஆனால் அன்றைக்குச் சாவியைத் தொடாதே, வாடகைக் காரில் போ. நிதானமாக இருப்பதாகத் தோன்றினாலும் நம்பாதே, நம்மைப் பற்றி நாமே சாட்சி சொல்ல முடியாது கண்ணு.

நீ நூறு வயது நன்றாக இரு. அடுத்த வாரமும் விரலை வருத்திக்கொண்டு உட்காருவேன். விருந்து முடிந்து வீடு சேர்ந்ததும் எந்த நேரமானாலும் போன் அடி, எடுப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா