பதினான்காம் அறை அரிஷ்டம்

மேலகரம்,
15-6-2025

அன்புள்ள பேராச்சிக்கு,

மானத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். போன வருஷம் வைகாசியில் நான் சாராயக் கடைக்குப் போகவில்லை. குற்றாலத்தில் ஒரு லாட்ஜுக்குப் போனேன். அறை எண் பதினான்கு. காகிதத்தைக் கிழித்துவிடாதே, உள்ளே இருந்தது ஒரு வைத்தியர்.

நீ என் நம்பரை பிளாக் செய்து பத்து மாதம் ஆகிறது. தபாலை பிளாக் செய்ய இன்னும் வழி வரவில்லை என்பதால் எழுதுகிறேன்.

வலது கை அப்போதே ஆட ஆரம்பித்திருந்தது. சும்மா மடியில் கிடக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து எதையோ உருட்டும். நம் ஊரில் ஆம்பிளைக்குக் கை நடுங்கினால் இரண்டே காரணம். ஒன்று குடி. இன்னொன்று நரம்புத் தளர்ச்சி. சுவரில் அதை எழுதிப்போடுகிறவர்கள் எந்த நரம்பைச் சொல்கிறார்கள் என்று உனக்கும் தெரியும். ஐம்பத்தைந்து வயதில், இலஞ்சி முருகன் சன்னதியில் சூடம் அணைத்துக் குடியை விட்டவன், பெண்டாட்டியிடம் போய் 'எனக்கு அந்த வியாதி போல' என்று எப்படிச் சொல்லுவேன்?

அந்த லாட்ஜை நினைத்தாலே குமட்டுகிறது. படிக்கட்டு முழுக்க வெற்றிலை எச்சில். ஈரத் துண்டும் எலிப்புழுக்கையும் அழுகிய மாம்பழமும் சேர்ந்த நாற்றம். வெளியே பெஞ்சில் ஆறு பேர், ஆறு பேரும் தினசரியால் முகத்தை மூடிக்கொண்டு. ஒரு தினசரி தலைகீழாக இருந்தது. அது கொஞ்சம் இறங்கியது. பின்னால் நம் பட்டிமன்ற நடுவர் சங்கரபாண்டி அண்ணாச்சி.

"ஏலே சம்பந்தம், நீயுமாலே?" என்றார். உடனே, "எனக்கு முட்டுவலிலே" என்றார்.

"எனக்கும் முட்டுவலிதான் அண்ணாச்சி."

"உனக்கு எந்த முட்டுலே?"

வைத்தியர் என் நாடியைக்கூடப் பிடிக்கவில்லை. "கல்யாணத்துக்கு முன்ன பழக்கவழக்கம் எப்படி?" என்று கேட்டுவிட்டு மூன்று பாட்டில் அரிஷ்டத்தை எடுத்து வைத்தார். கடுவன் பூனை மூத்திரத்தில் ஊறிய பலாச்சக்கை மாதிரி நாறும் அது. காலையும் மாலையும் மூடி மூடியாகக் குடித்தேன். அதைத்தான் நீ பழைய குடி என்று நினைத்துக்கொண்டு, கலந்தாய்வில் சிவகிரிப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாய். இத்தனைக்கும் நான் உள்ளங்கையில் ஊதி மோந்து, ஒன்றும் இல்லை என்று நிச்சயம் செய்துகொண்டுதான் உன் பக்கத்திலேயே வந்தேன்.

குடிக்கவில்லை. நம்பு.

உன்,
ஞானசம்பந்தம்


சிவகிரி,
22-6-2025

அத்தானுக்கு,

கடிதம் வந்தது. தம்பி வீட்டில் எல்லோரும் சுகம்.

நடுவர் அண்ணாச்சி சங்கதியை மட்டும் நம்புகிறேன். அவர் சம்சாரம் போன வருஷமே என்னிடம் சொல்லிச் சிரித்தாள், அப்புறம் அழுதாள்.

மற்றதில் ஒரு ஓட்டை இருக்கிறது. பூனை மூத்திரம் என்கிறீர்கள். எனக்கு அடித்தது சாராய வாடை. கல்யாணமானதிலிருந்து இருபது வருஷம் பக்கத்தில் படுத்து மோந்த வாடை, அதில் நான் தப்பமாட்டேன். சத்தியம் பண்ணி இரண்டு வருஷம் கழித்து அது திரும்ப வந்த அன்றைக்கு நான் சண்டை போடவில்லை, கவனித்தீர்களா? தெம்பு இல்லை. கேட்கிறவர்களிடம் மாற்றல் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இன்னொன்று. காகிதத்தில் என்ன மிச்சம் பிடிக்கிறீர்கள்? முதல் வரி கத்தரிக்காய் பருமனுக்கு இருக்கிறது, கடைசி வரி கடுகு. மூன்றாம் வகுப்புப் பிள்ளை இப்படி எழுதினால் நாலு கோடு நோட்டில் திரும்ப எழுதச் சொல்லுவேன்.

இனி எழுத வேண்டாம். எழுதினால் பெரிதாக எழுதுங்கள்.

பேராச்சி


மேலகரம்,
6-7-2025

அன்புள்ள பேராச்சிக்கு,

பெரிதாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டாவது வரியிலேயே பேனா கூம்பிக்கொள்கிறது. திட்டிப் பார்த்தேன். அதுவும் உன்னை மாதிரித்தான், மசியவில்லை.

போன வாரம் செங்கோட்டையில் பட்டிமன்றம். 'குடும்பத்தைச் சிரிக்க வைப்பது கணவனா, மனைவியா?' கணவன்தான் என்று பேச என்னைப் பிடித்துப் போட்டிருந்தார்கள், அதுவே ஒரு ஜோக். மேடையில் உட்கார்ந்ததும் கை மடியில் கிடந்து உருட்ட ஆரம்பித்தது. அதன் மேலேயே ஏறி உட்கார்ந்தேன். முன்வரிசையில் ஒருத்தன், "ஏலே, அங்கன பாரு, இன்னைக்கு ஃபுல்லு போல. கையை ஒளிச்சு வைக்கான்" என்றான். எழுந்து மைக்கைப் பிடித்ததும் கை சமர்த்தாக நின்றுவிட்டது. இப்போது தொண்டை. "மைக்கை முழுங்கும் வேய், ஒண்ணும் கேக்கலை" என்று பின்னாலிருந்து சத்தம். நம்முடைய பழைய மாப்பிள்ளை ஜோக்கை எடுத்துவிட்டேன். ஒரு பல் தெரியவில்லை. ஒரு பெண்பிள்ளை பக்கத்தில் உள்ளவளிடம் சொன்னது எனக்கே கேட்டது: "பாவம், வீட்ல யாரோ தவறிட்டாவ போல. மூஞ்சியப் பாரு, அசையவே மாட்டேங்கு."

அண்ணாச்சிக்கு மனசு கேட்கவில்லை. "ஐந்தருவித் தண்ணி நடுமண்டையில விழுந்தா நரம்பு முறுக்கேறும்லே" என்று இழுத்துக்கொண்டு போனார். சாரல் என்னவோ அழகாகத்தான் விழுந்தது. அதன் அடியில் மனுஷர்கள் செய்திருக்கும் காரியம் இருக்கிறதே. எண்ணெய்க்காரன் என்னைக் குப்புறப் போட்ட பலகையில் பத்தாயிரம் முதுகின் அழுக்கு கறுப்பாக உறைந்து கிடந்தது. கன்னத்தில் ஒட்டிய முடி யாருடையது என்று தெரியாது. அந்தப் பலகை செத்த எருமை மாதிரி நாறியது. காலடியில் ஷாம்பு உறை, பிள்ளைகளுக்குக் கட்டிய நாப்கின், எச்சில் பிரியாணிப் பொட்டலம். ஒரு குரங்கு அந்தப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து, முகத்தைச் சுளித்துப் போட்டுவிட்டுப் போனது. குரங்கே சுளித்தது என்றால் பார்த்துக்கொள்.

பாறையில் கால் எடுத்து வைக்க வரவில்லை. குழந்தை மாதிரித் தேய்த்துத் தேய்த்து நடந்தேன். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் அருண்பாண்டி தோளைப் பிடித்தார். "தண்ணியப் போட்டுட்டுத் தண்ணிக்கு வாரீரா? ஊதும்." ஊதினேன். மோந்து பார்த்தார். மறுபடி ஊதச் சொன்னார். "வாடை ஒண்ணும் இல்லையே. பொறவு ஏன் வேய் இப்படி ஆடுதீரு?" என்று எனக்காக வருத்தப்பட்டார்.

போலீஸே மோந்து விட்டுவிட்டது, பேராச்சி. நீதான் விடமாட்டேன் என்கிறாய்.

சட்டைப் பொத்தான் போட இப்போதெல்லாம் கால் மணி நேரம் ஆகிறது. நாலாவது பொத்தானில் உன் ஞாபகம் வருகிறது.

உன்,
ஞானசம்பந்தம்


சிவகிரி,
13-7-2025

அத்தானுக்கு,

இரண்டு நாள் லீவு போட்டேன். எதற்கு என்று சொல்லுகிறேன்.

நிச்சயம் முடிந்த பிறகு நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து, இந்த இரண்டோடு வரிசையாக வைத்தேன். அதில் ஒரு வரிக்கு நாலே வார்த்தை. அவ்வளவு பெரிய எழுத்து, அவ்வளவு ஜம்பம். இப்போது எண்ணினேன். கடைசி வரியில் பதினொன்று. முப்பது வருஷம் பிள்ளைகள் நோட்டைத் திருத்துகிறேன், எழுத்து சோம்பலில் கெடும், அவசரத்தில் கெடும். இப்படி வரிக்கு வரி சுருங்கி நான் பார்த்ததில்லை.

மூன்றையும் எடுத்துக்கொண்டு திருநெல்வேலிக்குப் போய் நரம்பு டாக்டர் நிலோபரைப் பார்த்தேன். சின்ன வயசுதான். உங்கள் ஜோக் எதையும் அவர் படிக்கவில்லை, எழுத்தின் அளவைத்தான் பார்த்தார். நான் படித்துக் காட்டினேன். கை மடியில் இருந்தால் ஆடும், மைக்கைப் பிடித்தால் நிற்கும் என்று நீங்கள் எழுதிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். குடித்துக் குடித்து வரும் நடுக்கம் அப்படி இருக்காதாம். கையை நீட்டினால் இரண்டும் சேர்ந்து ஆடுமாம். குரல் தாழ்ந்தது, முகம் அசையாதது, தேய்த்து நடந்தது, பொத்தான், எல்லாவற்றுக்கும் கோடு. "இவர் கடிதம் எழுதலைம்மா, கேஸ் ஷீட்டே எழுதியிருக்கார்" என்றார். ஆளை நேரில் பார்க்காமல் வியாதியின் பெயரைச் சொல்லமாட்டேன் என்றுவிட்டார்.

19-ஆம் தேதி சனிக்கிழமை வாருங்கள். திருநெல்வேலி புது பஸ் ஸ்டாண்டில் காலை ஒன்பது மணிக்கு நிற்பேன். பொத்தானோடு மல்லுக்கட்டாமல் பனியன் போட்டு, மேலே துண்டைப் போட்டுக்கொண்டு வந்தால் போதும். வேறு என்ன மாத்திரை சாப்பிட்டாலும் அட்டையோடு எடுத்து வாருங்கள்.

அரிஷ்டம் மிச்சம் இருந்தால் அந்தப் பாட்டிலும் வேண்டும். நான் மோந்து பார்க்க வேண்டும்.

பேராச்சி


மேலகரம்,
24-8-2025

அன்புள்ள பேராச்சிக்கு,

என் நம்பரைத் திறந்துவிட்டாய், தினமும் பேசுகிறோம், சனிக்கிழமை ஆனால் வந்துவிடுகிறாய். ஆனாலும் வாரம் ஒரு கடிதம் நாலு கோடு நோட்டில் எழுத வேண்டும் என்பது டீச்சர் உத்தரவு. கோடு இருந்தால் எழுத்து சுருங்கத் தயங்குகிறது, நீ சொன்னது சரிதான்.

மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட்டுவிடுகிறேன். முதல் வாரம் இருந்த குமட்டல் இப்போது இல்லை. பருப்பும் தயிரும் மாத்திரையோடு சேரக்கூடாது என்பதால் ராத்திரிக்குத் தள்ளிவிட்டேன். நானாக நிறுத்தக்கூடாது என்று டாக்டர் மூன்று தரம் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. நேற்று பொத்தான் நாலு நிமிஷம். நடுக்குவாதம் போகாது, கூடவே இருக்கும், ஓட்டிக்கொண்டு போகலாம் என்றார்களே, அதைக் கேட்டு நான் பயந்தேன்தான். நீ என் துண்டைச் சரிசெய்தாய். சரி, ஓட்டலாம் என்று தோன்றியது.

அந்த ஆஸ்பத்திரி கக்கூஸைப் பற்றி ஒரு பக்கம் எழுத இருந்தேன். வேண்டாம். வேறு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் வைத்தே பாட்டில் மூடியைத் திறந்து மோந்தாய். "இந்த வாடைதான்" என்றாய். அரிஷ்டம் புளித்தால் சாராயம் மாதிரி இருக்கும் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆஸ்பத்திரி போகிற வரைக்கும் நீ ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாய். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வந்தேன்.

நீ மாத்திரை வாங்கப் போன நேரத்தில் டாக்டர் என்னிடம், "மூக்குக்கு வாசனை தெரியுதா?" என்று கேட்டார். "தெரியாமலா? குற்றாலத்து நாற்றத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசுவேன்" என்றேன். சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். வெளியே சுவரில் ஒரு அட்டை தொங்கியது. இந்த வியாதிக்காரர்களில் பலருக்குக் கை ஆடுவதற்கு வருஷக்கணக்கில் முன்னாலேயே மூக்கு போய்விடும் என்று போட்டிருந்தது. அதைப் படித்துவிட்டும் உன்னிடம் சொல்லாமல் பஸ் ஏறினேன். இந்தச் சனிக்கிழமை வரும்போது நீயே டாக்டருக்குப் போன் போட்டுச் சொல்லிவிடு.

இரண்டு வருஷமாக எனக்கு மல்லிகையும் தெரியாது, சாக்கடையும் தெரியாது. உள்ளங்கையில் ஊதி மோந்தபோதும் ஒன்றும் தெரியவில்லை. லாட்ஜ் படிக்கட்டும் எண்ணெய்ப் பலகையும் கண்ணால் பார்த்து எழுதியவை. பூனை மூத்திரம் என்றது, பாட்டிலின் நிறத்தை வைத்து.

உன்,
ஞானசம்பந்தம்